பயனர் கணக்கின் இயல்பு மதிப்புகள்: எந்தக் கோப்பு எப்போது படிக்கப்படுகிறது?

லினக்ஸ் சர்வர் ஒன்றில் கடவுச்சொல்லின் ஆயுளை 90 நாட்களாகக் குறைக்க நினைக்கும் நிர்வாகி பெரும்பாலும் முதலில் திறப்பது இடிசி அடைவிலுள்ள லாகின்.டெஃப்ஸ் கோப்பைத்தான். பாஸ்_மேக்ஸ்_டேஸ் என்ற வரியில் இருக்கும் 99999 என்ற எண்ணை 90 என்று மாற்றிச் சேமித்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த சர்வரில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்குக்கூட அந்த மாற்றம் போய்ச் சேராது. இக்கோப்பிலுள்ள ஆயுள் வரம்புகள், யூசர்ஆட் கட்டளை புதிய கணக்கை உருவாக்கும் தருணத்தில் மட்டும் படிக்கப்பட்டு, பயனர்களின் கடவுச்சொல் விவரங்களை வைத்திருக்கும் ஷேடோ கோப்பில் அப்பயனருக்குரிய வரியில் எழுதப்படுகின்றன. அதன் பின்னர் உள்நுழைவின்போது சரிபார்க்கப்படுவது ஷேடோவில் உள்ள எண்களே.

ஆகவே ஷேடோவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஒன்பது புலங்கள் ஒவ்வொரு வரியிலும் உண்டு. மூன்றாவது புலம், கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட நாளை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நாட்களாகக் குறிக்கிறது. அடுத்து வருபவை குறைந்தபட்ச இடைவெளி, அதிகபட்ச ஆயுள், முன்னெச்சரிக்கை நாட்கள், காலாவதிக்குப் பிந்தைய அவகாசம், கணக்கே முடிவடையும் நாள் ஆகியவை. ஒன்பதாவது புலம் பிற்காலப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. 99999 நாட்கள் என்பது ஏறத்தாழ 274 ஆண்டுகள் என்பதால், அந்த எண்ணை 'காலாவதி கிடையாது' என்றே வாசிக்கலாம்.

பழைய கணக்குகளுக்குப் புதிய வரம்பைக் கொண்டுவர, ஷேடோவிலுள்ள இந்த நாட்களை மாற்றும் சேஜ் கட்டளையை ஒவ்வொரு பயனருக்கும் இயக்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. ஈராண்டுகளாகக் கடவுச்சொல்லை மாற்றாத ஒருவருக்கு 90 நாள் வரம்பை விதித்தால், மூன்றாவது புலத்திலுள்ள பழைய நாளிலிருந்தே நாட்கள் எண்ணப்படுவதால் அவருடைய கடவுச்சொல் அந்த நொடியிலேயே காலாவதியாகிவிடும். மனிதர் என்றால் அடுத்த உள்நுழைவில் புதிய கடவுச்சொல் கேட்கப்படும், கொடுத்துவிடுவார். ஆனால் இரவுநேர நகலெடுப்புக்காக உருவாக்கிய கணக்கு என்றால், குறித்த நேரத்தில் தானே இயங்கும் கிரான் பணியும், உள்நுழைவு விதிகளைக் கவனிக்கும் பேம் என்னும் அமைப்பின் வழியாகக் கணக்கின் நிலையைச் சரிபார்ப்பதால், அந்தப் பணி ஓசையின்றி நின்றுபோகும். இத்தகைய கணக்குகளை யூசர்ஆட் கட்டளையின் 'சிஸ்டம்' தெரிவோடு உருவாக்குவதே முறை. அவ்வாறு உருவானவற்றுக்கு ஆயுள் வரம்பு எழுதப்படுவதில்லை.

இயல்பு மதிப்புகள் இருக்கும் இரண்டாவது இடம், இடிசி அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவிலுள்ள யூசர்ஆட் கோப்பு. ஷெல் (கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரல்) எது, வீட்டு அடைவு எங்கே அமைய வேண்டும், மாதிரிக் கோப்புகள் எந்த அடைவிலிருந்து நகலெடுக்கப்பட வேண்டும் என்பவற்றோடு இன்ஆக்டிவ் என்ற மதிப்பும் இதில் உண்டு. கடவுச்சொல் காலாவதியான பின் எத்தனை நாட்கள் வரை அதை மாற்றிக்கொண்டு உள்ளே வர அனுமதிக்கலாம் என்பதை அது சொல்கிறது. -1 என்றால் வரம்பே இல்லை. எல்லோரும் ஆயுள் வரம்பைப் பற்றியே பேசுகிறார்கள். என் பார்வையில், நீண்டநாள் தொடப்படாத கணக்குகளை மூடுவதற்கு அதைவிடப் பயனுள்ள மதிப்பு இதுதான். ஆயினும் அதிகபட்ச ஆயுள் 99999 ஆக இருக்கும்வரை காலாவதியே நிகழாது என்பதால், இதனைத் தனியாக அமைப்பதில் பொருளில்லை. பணியிலிருந்து விலகியவரின் கணக்கைப் பூட்டுவதற்கும் இதே கவனம் வேண்டும். பாஸ்வேர்டு பூட்டு, ஷேடோவிலுள்ள ஹேஷின் (கடவுச்சொல்லின் மறைவடிவத்தின்) முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. தொலைவிலிருந்து கடவுச்சொல்லின்றி நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவி வைத்திருப்பவர் தொடர்ந்து உள்ளே வரக்கூடும். கணக்கின் முடிவு நாளையே கடந்த நாளாக மாற்றினால்தான் அந்த வழியும் அடைபடும்.

கடவுச்சொல்லின் நீளத்துக்கு வருவோம். லாகின்.டெஃப்ஸ் கோப்பில் பாஸ்_மின்_லென் என்ற வரியைக் கண்டு அதில் 12 என்று எழுதுவோர் பலர். பேம் பயன்படுத்தும் அமைப்புகளில் அந்த வரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நீளமும் சிக்கலும் பிடபிள்யூகுவாலிட்டி என்னும் பேம் கூறின் பொறுப்பு; அதன் அமைப்புக் கோப்பு இடிசியில் செக்யூரிட்டி அடைவுக்குள் இருக்கிறது, டெபியனில் அதைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். அங்கே 'கிரெடிட்' மதிப்புகள் சற்றுக் குழப்பமானவை: நேர்ம எண் கொடுத்தால் அவ்வகை எழுத்துகளுக்கு நீளக் கணக்கில் சலுகை கிடைக்கிறது, எதிர்ம எண் கொடுத்தால் அத்தனை எழுத்துகள் கட்டாயமாகின்றன. மேலும், முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் மற்றவருக்குக் கடவுச்சொல் அமைக்கும்போது இவ்விதிகள் எச்சரிக்கையாக மட்டுமே வெளிப்படும். ரூட்டையும் கட்டுப்படுத்துவதற்குத் தனி அமைப்பு உண்டு.

90 நாள் வழக்கம் தேவைதானா என்பதையும் கேட்டுப்பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. எனக்கும் அதுவே ஏற்புடையது; தணிக்கை விதி கட்டாயப்படுத்தாத இடங்களில் ஆயுளை நீளமாக விட்டு, குறைந்தபட்ச நீளத்தை உயர்த்துகிறேன். ஹேஷ் முறையைப் பொறுத்தவரை, டெபியன் 11 முதல் யெஸ்கிரிப்ட் என்னும் முறை இயல்பாக வருகிறது. முறையை மாற்றினாலும் பழைய ஹேஷ்கள் தாமாக மாறுவதில்லை. பயனர் அடுத்தமுறை கடவுச்சொல்லை மாற்றும்போதுதான் புதிய முறை செயல்படும்.

வீட்டு அடைவின் அனுமதியை லாகின்.டெஃப்ஸ் கோப்பிலுள்ள ஹோம்_மோட் முடிவு செய்கிறது. பகிரப்பட்ட சர்வரில் 0700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) போதுமானது. டெபியனில் ஆட்யூசர் கட்டளைக்கென்று தனி அமைப்புக் கோப்பு இருப்பதால், எந்தக் கட்டளையால் கணக்கு உருவாக்கப்படுகிறது என்பதைப் பார்த்து அதற்குரிய கோப்பிலும் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் சோதனைக்காக ஒரு பயனரை உருவாக்கி, சேஜ் கட்டளையின் பட்டியலில் நாட்களையும், வீட்டு அடைவின் அனுமதியையும், ஷேடோவில் ஹேஷின் முன்னொட்டையும் பார்த்துவிட்டு, அந்தக் கணக்கை அதன் வீட்டு அடைவோடு சேர்த்து நீக்கிவிடலாம்.