கசப்பும் காய்ச்சலும்

"நிலவேம்பு குடிச்சிட்டுதான்மா இருக்கேன், சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அனலாய்க் கொதிக்கிற உடம்பு. விரல்கள் மட்டும் ஜில்லென்று இருந்தன.

அந்த விரல்கள்தான் பயமுறுத்தின, கிருமித்தொற்று முற்றி வரும் செப்சிஸாக இருக்குமோ என்று. உடனே ஆட்டோ பிடித்தோம்.

நிலவேம்பின் கசப்புக்குள் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அழற்சியை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அது தடுப்பதை ஆய்வகச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். அந்தச் செடி மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு.

ஆனால் செப்சிஸ் வேறு. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலே நிலைதடுமாறி, தன் உறுப்புகளைச் சிதைக்கிறது. 2016-இல் அதன் வரையறையையே அப்படித்தான் திருத்தினார்கள். ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் குறையும். அப்போது தேவை ஆன்டிபயாடிக், சலைன், ஆக்சிஜன். அதுவும் மணிக்கணக்கில் தள்ளிப்போடாமல்.

காய்ச்சலோடு மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம், சில்லிட்ட கைகால் என்றால், கஷாயம் காத்திருக்கட்டும். முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், தயவுசெய்து.