டொராண்டோ குளிர்காலத்தில் ஒரு செங்கால் ஆமை

எங்கள் வீட்டு ஆமையின் பெயர் போண்டா. பெயர் வைத்தது மகள். தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை. இங்கே கடைகளில் ரெட் ஃபுட் என்றால் தெரியும். வேறு ஊருக்கு வேலை மாறிப்போன நண்பர் ஒருவர் கோடையில் கொண்டுவந்து விட்டுப்போனார். கூடவே மூடியில்லாத ஒரு மரத்தொட்டி, ஒரு சிவப்பு பல்பு, முள் வைத்த ஈரப்பதமானி ஒன்று. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்களேடா" என்றார். அடுத்த மூச்சில் "பப்பாளி தின்னுமா?" என்றும் கேட்டார்.

தின்னும். சாப்பாட்டு விஷயத்தில் போண்டா ஒரு நாளும் தொல்லை தந்ததில்லை. தொல்லையெல்லாம் காற்றில்தான்.

செங்கால் ஆமைகள் கயானா, வெனிசுலா, பிரேசில் பக்கம் காட்டோரங்களிலும் மரங்கள் அடர்ந்த புல்வெளிகளிலும் வாழ்பவை. குளிர்காலத்தில் மண்ணுக்குள் போய் உறங்கும் வழக்கம் அவற்றுக்குக் கிடையாது. பகலில் 27 முதல் 30 டிகிரி, இரவில் 25க்குக் கீழே இறங்கக் கூடாது. ஈரப்பதம், அதுவும் வளரும் வயதில், 70 முதல் 80 சதவீதம் வேண்டும். குறைந்தால் என்ன ஆகும் என்பது ஓட்டில் தெரியும்: ஒவ்வொரு தகடும் குன்று மாதிரி தனித்தனியாக மேலெழும்பிவிடும். பிரமிடிங் என்பார்கள். எழும்பியது திரும்ப அமுங்காது. முன்பெல்லாம் புரதம் அதிகம் கொடுப்பதால்தான் இது வருகிறது என்று நம்பினார்கள். 2003இல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்று ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்துப் பார்த்தது. வறண்ட காற்றில் வளர்ந்தவைக்குத்தான் மேடு அதிகம். புரதத்தின் பங்கு அதில் சொற்பம்.

ஆகஸ்ட், செப்டம்பர் வரை எல்லாம் சரி. அக்டோபரில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட ஆரம்பித்ததும் அளவுகள் சரிய ஆரம்பித்தன. நவம்பர் கடைசியில் அறையில் ஈரப்பதம் 25 சதவீதம்.

இதற்குக் காரணம் எளிய இயற்பியல். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் காற்றால் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமான நீராவியைத்தான் சுமக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடானால் சுமார் 18 கிராம் சுமக்கும் இடம் வந்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ அதே இரண்டு கிராம்தான். நாம் சமைப்பது, குளிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து இருபதுகளுக்கு ஏற்றிவிடுகின்றன. இப்போது அந்த 25 சதவீதக் காற்றை ஆமைத் தொட்டியில் பல்பு போட்டு 28 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள்: 17 சதவீதம் ஆகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் குறையாமலேயே! சூடு தனி, ஈரம் தனி என்று பிரித்துச் சரிசெய்ய முடியாது என்பது இந்தக் கணக்கைப் போட்டதும் உறைத்தது. சூட்டைத் திருகினால் ஈரமும் சேர்ந்தே திரும்பும்.

முதலில் அளவுகளை நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு உப்புச் சோதனை. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, சில துளித் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும், கரைந்து ஓடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் ஒரு ஜிப் பையில் காற்றோடு அடைத்து இரவு முழுக்க அப்படியே விட்டால், காலையில் உள்ளே 75 சதவீதம் இருக்கும். உப்பின் குணம் அது. சாதாரண அறைச் சூட்டில் 75ஐ விட்டு நகராது. நண்பர் கொடுத்த முள் மானி 52 காட்டியது, குப்பைக்குப் போனது. புதிதாக வாங்கிய டிஜிட்டல் மானிகளில் ஒன்று 74, இன்னொன்று 69. இரண்டாவதன் முதுகில் "+6" என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். மானியை ஓட்டின் உயரத்தில் வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். சுவரில் ஓரடி மேலே தொங்கும் மானி சொல்வது ஆமை சுவாசிக்கும் காற்றைப் பற்றி அல்ல.

செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் தினமும் மூன்று வேளை தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தெளித்தால் மானி 70க்குத் தாவும், அரை மணி நேரத்தில் 30க்கு வந்துவிடும். திறந்த தொட்டிக்குப் பக்கத்தில் ஹியூமிடிஃபையர், அதாவது காற்றுக்கு ஈரமூட்டும் கருவி, வைத்தால் ஆமைக்குக் கிடைப்பதைவிட ஜன்னல் கண்ணாடிக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. அல்ட்ராசானிக் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மேசையெல்லாம் வெள்ளைப் பொடி வேறு. சிவப்பு பல்பு நேராக ஓட்டின் மேல் அடித்து அந்த இடத்தை மட்டும் காயவைக்கும். ஆமைகளுக்குச் சிவப்பு நிறம் நன்றாகவே தெரியும், அதனால் ராத்தூக்கமும் கெடும். அதை ஏன் இன்னும் விற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

வழி ஒன்றுதான்: பெட்டியை மூடுவது. ஆறடிக்கு மூன்றடி அளவில் மெலமைன் பலகையில் பெட்டி செய்தேன். மூடி உண்டு, முன்பக்கம் நகரும் பாலிகார்பனேட் கதவு, மூட்டுகளில் மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கான், தரையில் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட். காற்றோட்டத்துக்கு இரண்டு சின்ன ஓட்டைகள் போதும். கதவைத் திறந்து மூடும்போதே பாதிக் காற்று மாறிவிடுகிறது. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் உள்சுவர் பக்கம் தள்ளி, அடியில் ஃபோம் பலகை கொடுத்தேன். புற ஊதா டியூபைப் பெட்டிக்கு உள்ளேதான் மாட்ட வேண்டும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ குறுக்கே வந்தால் ஆமைக்கு வேண்டிய யுவிபி என்னும் புற ஊதாக் கதிர் உள்ளே போகாது.

சூட்டுக்கு, மேலே கூரையில் ஒட்டினாற்போல ரேடியன்ட் ஹீட் பானல். ஒரே இடத்தில் சுடாமல் பரவலாக, இதமாகச் சூடு தரும். செராமிக் ஹீட்டரும் நல்லதுதான், வெளிச்சம் கிடையாது. ஆனால் அதற்குப் பீங்கான் ஹோல்டர் கட்டாயம், பிளாஸ்டிக் உருகிவிடும். எதை மாட்டினாலும், சூட்டை அளந்து தானாக அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டாதீர்கள். அதன் உணரியை நிழலில், ஓட்டின் உயரத்தில், ஜிப் டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். ஆமை இழுத்து அது கதவுக்கு வெளியே விழுந்தால், 21 டிகிரி அறைக் காற்றை அளந்துகொண்டு, பானலை அணைக்கவே விடாது. உள்ளே ஆமை வெந்துபோகும்.

இனி ஈரம். தரையில் நான்கு அங்குலம் தேங்காய் நார்த்தூளும் மரப்பட்டைத் துண்டுகளும் கலந்து போட்டேன். தண்ணீரை மேலே தெளிப்பதில்லை, மூலைகளில் ஊற்றி அடியில் இறங்க விடுகிறேன். புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மேல் அடுக்கு காய்ந்தே இருக்கட்டும். அடிவயிறு எந்நேரமும் சேற்றில் கிடந்தால் அடி ஓடு அழுக ஆரம்பிக்கும். மேலிருந்து சூடு, அடியில் ஈரம், நடுவில் மூடிய காற்று. இந்த ஏற்பாட்டில் ஈரப்பதம் 80ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மூலையில் தண்ணீர் ஊற்றுவது வாரம் ஒரு தடவை இருந்தால் பெரிது. பானலும் முன்பைவிட அதிக நேரம் அணைந்தே கிடக்கிறது.

பூசணம் வந்தது, வரத்தான் செய்யும். ஸ்பிரிங்டெயில் என்னும் நுண்ணிய பூச்சிகளை வாங்கி விட்டதும் அது அடங்கியது. அப்புறம் சின்னக் கொசு மாதிரி ஈக்கள். அந்த ஒரு மாதம் வீட்டம்மாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சுவார்த்தைகளை இங்கே எழுதப் போவதில்லை. மிச்சப் பப்பாளியைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை.

ஊர்வன பார்க்கும் மருத்துவர் அழுத்திச் சொன்னது இது: ஈரத்தோடு சூடு இருக்கலாம், ஈரத்தோடு குளிர் சேரவே கூடாது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, சீட்டி மாதிரி சத்தம் எல்லாம் அந்தச் சேர்க்கையில் வருபவை. அதனால் மின்வெட்டுதான் என் பெரிய பயம். 2013 டிசம்பர் பனிமழையில் இந்த நகரத்தில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சுடுதண்ணீர்ப் பைகள், தெர்மோகோல் பெட்டி, காய்ந்த துண்டுகள் எல்லாம் அலமாரியில் தயார். கரண்ட் போனால் போண்டாவை ஈரத்திலிருந்து எடுத்துத் துடைத்து அதற்குள் வைத்துவிடுவேன்.

வசந்தத்தில் தகடுகளுக்கு நடுவே வெளிர் நிறத்தில் புது வளர்ச்சிக் கோடுகள் தெரிந்தன. விரலால் தடவினால் பழைய தகட்டோடு மட்டமாகவே இருக்கின்றன. நண்பரிடம் இருந்தபோது வந்த மேடு அப்படியே நிற்கிறது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமை வாங்கக் கிளம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு வணிகத்தையும் 2019இல் சைட்டீஸ் என்னும் சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் சேர்த்து அடைத்துவிட்டார்கள்.

ஜூலையில் இங்கே கதை தலைகீழ். வெளியே புழுக்கம், பெட்டிக்குள் 33 டிகிரி. பானல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவை ஓரங்குலம் திறந்து வைப்பேன். பகலில் தோட்டத்தில் விடலாம், நிழலும் தண்ணீரும் இருந்தால். ராத்திரி மட்டும் உள்ளே தூக்கி வந்துவிட வேண்டும். எங்கள் தெரு ரக்கூன்கள் குப்பைத்தொட்டிப் பூட்டையே திறப்பவை.