சேம்பரைத் தட்டிப் பார்த்து இன்ஜின் வாங்குங்கள்

தாத்தா காலத்து மேசி 35 டிராக்டர். உள்ளே இருந்தது ஸ்டாண்டர்ட் நாலு சிலிண்டர் டீசல். மார்கழிக் காலையில் நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும்; சிலிண்டருக்குள் இருக்கும் உறையான லைனரும் தேய்ந்து போய்விட்டது. இதே மாடலுக்குப் பின்னால் கம்பெனியே பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் மாட்டியதால், அதையே போடலாம் என்றார் மெக்கானிக் அண்ணன்.

பழைய இன்ஜின் கடையில், ஜெனரேட்டரில் ஓடிய சிம்ப்சன் (பெர்கின்ஸ் இன்ஜினை நம் நாட்டில் செய்த கம்பெனி) மூணு சிலிண்டர் கிடைத்தது. “டிராக்டருக்கும் இதேதான் தம்பி” என்றார் கடைக்காரர். நம்பி ஏற்றி வந்தேன். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டிதான் ஆயில் சேம்பர். அண்ணன் அதை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினார். டணங்! தகரம். ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

டிராக்டருக்குத் தனியாக சேஸி கிடையாது. முன் அச்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இன்ஜின்தான் முதுகெலும்பு. அதனால் டிராக்டர் சேம்பர் கனத்த வார்ப்பிரும்பு. ஜெனரேட்டர் இன்ஜின் சேம்பரில் எண்ணெய் தங்கினால் போதுமே!

அப்புறம் உடைக்க வந்த டிராக்டர் ஒன்றிலிருந்து சேம்பர், இன்ஜினின் பின்பக்கத் தட்டான பேக் பிளேட், பின்னால் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் மூன்றும் வாங்க மூன்று வாரம் அலைந்தேன். சேம்பரோடு, அதிலிருந்து எண்ணெயை வடிகட்டி உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாயையும் கேட்டு வாங்குங்கள்; ஆழம் மாறும். டீசல் பம்பும் ஜெனரேட்டருக்காக நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கே செட் செய்தது. பம்ப் ரிப்பேர் கடையில் கொடுத்து டிராக்டருக்கு ஏற்றபடி மாற்றினேன்.

பழைய இன்ஜினை இறக்கியது அரை நாள் வேலை. புதியதைக் கியர் பாக்ஸோடு சேர்க்கும்போது கடைசி அரை இஞ்ச் இடைவெளி மூடவில்லை. உதவிக்கு வந்த பையன் போல்ட்டை முறுக்கி இழுக்கப் பார்த்தான். அண்ணன் ஒரு அதட்டு அதட்டி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பினார். கிளட்ச் பிளேட்டின் பல்லில் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் உட்கார, ‘களுக்’கென்று தானாக மூடியது. முறுக்கியிருந்தால் பிளேட்டோ ஹவுசிங்கோ போயிருக்கும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் மறுபடி சிக்கிக்கொண்டேன். இன்ஜினை மாற்றும் முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டுமாம். கடைக்காரர் தந்த சீட்டில் ‘பழைய இன்ஜின் 1’ என்று மட்டும் இருந்தது. இன்ஜின் நம்பர் போட்ட பில்லுக்காக மறுபடி ஒரு நாள் பஸ். கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி) கேட்டார். இன்ஜின் நம்பர் மேலே அழகாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். அவர் முன்னாலேயே உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன்.