நிற்கவைத்து அறுத்த குதிரை

குதிரையை வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பின்னங்காலில்தான் மாட்டிக்கொள்வார்கள். பின்பக்கமாக மடங்குகிற மூட்டை முழங்கால் என்று நினைத்துவிடுவார்கள். அது குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டித் தோலுக்குள் இருக்கிறது. இதை நான் வாயால் விளக்கி ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த குதிரை எலும்புக்கூட்டைக் காட்டிவிடுகிறேன்.

ஸ்டப்ஸ் 1724-இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் தொழில். 1756 வாக்கில் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற ஊரில் ஒதுக்குப்புறமான பண்ணை வீடு ஒன்றைப் பிடித்து, ஏறக்குறைய 18 மாதம் குதிரைகளை அறுத்து அறுத்து வரைந்தார். கூட இருந்தவர் அவருடைய துணைவி மேரி ஸ்பென்சர்.

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் அந்தப் படங்களைப் பார்க்கும்போது கோடுகளுக்கு முன்னால் அந்த வீட்டின் நாற்றம்தான் நினைவுக்கு வரும். குதிரையின் கழுத்து ரத்தக்குழாயைத் திறந்து ரத்தத்தை வடித்துவிட்டு, குழாய்களுக்குள் உருக்கிய கொழுப்பை ஏற்றுவார். பிறகு உத்தரத்து இரும்புக் கம்பியிலிருந்து கொக்கிகளில் உடலை மாட்டி, குளம்புகளைப் பலகைமேல் நடக்கிற மாதிரி நிறுத்துவார். தோல், தசை, அதற்கடியில் இன்னொரு தசை என்று அடுக்கடுக்காக உரித்துக்கொண்டே வரைவார். ஒரு குதிரை 11 வாரம் தாங்கியது. உடலை அழுகாமல் வைக்கிற ஃபார்மலின் இல்லாத காலம் அது! நாங்கள் படித்தபோது ஃபார்மலின் ஏற்றிய எருமைக் கன்றுக்கே கண் எரிந்து, பாதிப் பேர் ஜன்னலோரம் இடம் பிடிப்போம். மேரி ஸ்பென்சருக்கு யாராவது ஒரு சிலை வைத்திருக்கலாம்.

இத்தனை சிரமப்பட்டு ஏன் நிற்கவைக்க வேண்டும்? குதிரைக்குத் தோளை நெஞ்சோடு இணைக்கிற காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு தசைகளால் மட்டுமே பிணைந்திருக்கிறது. படுக்கப்போட்டால் தோள் நழுவும், வயிறு ஒருபக்கம் சரியும். அப்படி வரைந்தால் செத்த குதிரைதான் கிடைக்கும். ஸ்டப்ஸின் குதிரையோ தோலும் பாதித் தசையும் போன பிறகும் நடந்துகொண்டிருக்கிறது. பக்கவாட்டுப் படங்களைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கு முன்னாலிருந்து பார்த்த படங்கள் பிடிக்கும். நெஞ்சுத் தசைகளை அந்தக் கோணத்தில் குழப்பமில்லாமல் காட்டுவது லேசான காரியமில்லை.

இந்தப் படங்களைப் புத்தகமாக அச்சிடச் செப்புத் தகட்டில் செதுக்க ஆள் கிடைக்காமல் அந்த வேலையையும் அவரே செய்தார். புத்தகம் வெளிவந்தது 1766-இல். அவர் வரைந்தவற்றில் 42 தாள்கள் லண்டன் ராயல் அகாடமியில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் அச்சைவிடப் பென்சில்தான் மேல். செதுக்கியதில் கோடு கொஞ்சம் விறைத்துப்போகிறது.

ஒரு வேடிக்கையும் உண்டு. 1791-இல் அவர் தீட்டிய 'பாரனெட்' பந்தயக் குதிரை, நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டி அந்தரத்தில் பறக்கிறது. எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. நான்கு குளம்பும் தரையை விட்டு எழும்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் என்று 1878-இல் புகைப்படக்காரர் மைப்ரிட்ஜின் கேமராக்கள் காட்டின. அன்றைய ஓவியர்கள் எல்லோரும் செய்த பிழைதான். ஆனாலும் ஒவ்வொரு தசையையும் கையால் பிரித்துப் பார்த்தவர், இந்தக் கால் இப்படி நீளுமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டாரா? அதுதான் எனக்குப் புரியவில்லை.