தோலாவிராவுக்கு கேரவனில் போகிறீர்களா? வண்டியை முதலில் பாருங்கள்

நேற்றுதான் சென்ட்ரலில் வந்து இறங்கினோம். பேன்ட் மடிப்பில் இன்னும் ரண் எனும் கட்ச் உப்புவெளியின் உப்பு ஒட்டியிருக்கிறது. சந்தோஷமும் எரிச்சலும் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

குஜராத்தின் கட்ச் பாலைவனத்துக்குள், நாலு பக்கமும் உப்பு வெளி சூழ்ந்த காதிர் என்ற திட்டில் இருக்கிறது தோலாவிரா. ஹரப்பா, அதாவது சிந்துவெளி நாகரிகக் காலத்து நகரம். 2021-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பொதுப்பணித்துறையில் ஏரி, மதகு என்றே வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இதைக் காட்டியே ஆக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவருக்கு முழங்கால் வலி, நினைத்த இடத்தில் படுக்க வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும். அதனால்தான் கேரவன்.

முதலில் வடபழனியில் விசாரித்தேன். அங்கே கிடைப்பதெல்லாம் ஷூட்டிங் வண்டிகள். சோபா, மேக்கப் கண்ணாடி, ஏசி எல்லாம் பிரமாதம். ஆனால் வண்டியின் வயிறு தரையை ஒட்டிக் கிடக்கிறது, பின்பக்கம் சக்கரத்தைத் தாண்டி நீளமாகத் தொங்குகிறது. ஆற்காடு ரோடு ஸ்பீடு பிரேக்கரிலேயே உரசுகிற வண்டி பாலைவனத்தில் என்ன ஆகும்? நாள் வாடகை, டிரைவர் பேட்டா, ஒவ்வொரு மாநிலத்துக்கும் பர்மிட் வரி, போக வர நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் டீசல் என்று கூட்டிப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டோம். சென்னையிலிருந்தே வண்டி எடுக்காதீர்கள். அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸில் போய், அங்கே டெம்போ டிராவலரில் கட்டிய சின்ன கேம்பர் வேனை எடுங்கள். நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

எரிச்சல், தோலாவிராவுக்குப் போகும் வழியில் உள்ள ராப்பர் ஊரில் ஆரம்பித்தது. டீசல் போட நிறுத்தியபோது வண்டி உரிமையாளர் போன் செய்து, இனிமேல் 'கச்சா ரோடு' (மண் ரோடு), கிலோமீட்டருக்குத் தனி ரேட் என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு, வண்டியை ஓரம் கட்டு என்று டிரைவருக்கு உத்தரவு போட்டார். பெரியவர் ஒருவரை வண்டியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் பேரம் பேசுவது அநியாயம். கடைசியில் ஆறாயிரம் ரூபாய் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. டிரைவர் பையன் பாவம், எங்கள் முகத்தையே பார்க்கவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே 'தோலாவிரா, ஃபாசில் பார்க் வரை, கூடுதல் கட்டணம் இல்லை' என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

ரணைத் தாண்டும் ரோடு நன்றாகவே இருக்கிறது, இரண்டு பக்கமும் கண் கூசும் வெள்ளை. கரடுமுரடு என்றால் ஊரைத் தாண்டி, ஃபாசில் பார்க்கில் கல்லாகிப்போன மரங்களைப் பார்க்கப் போகும் பாதைதான். ஜல்லியும் பள்ளமுமாக வண்டி ஆடிய ஆட்டத்தில் அலமாரிக் கதவு திறந்து பாத்திரமெல்லாம் கீழே வந்தது. கதவுகளை டேப் போட்டு ஒட்டுங்கள், சிலிண்டரைக் கயிற்றால் கட்டுங்கள். தண்ணீர் டேங்க்கை ராப்பரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனி சந்தோஷம். தோலாவிராவில் செங்கல்லை விடக் கல்தான் கண்ணில் படுகிறது. கிழக்குப் பக்கத்துப் பெரிய நீர்த்தேக்கம் சுமார் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம், இறங்கப் படிக்கட்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளைத் தடுப்பணை போட்டு ஊருக்குள் திருப்பி, வரிசையாகக் குளங்களில் நிரப்பியிருக்கிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டே அப்பா ஒரு கல் வாய்க்கால் ஓரமாகக் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையை அடித்தளத்தில் வைத்து மெல்ல நகர்த்தி, "வாட்டம் பாருடா, தண்ணி தேங்கவே தேங்காது" என்றார். வருஷத்துக்கு ஒரு மழையை நம்பி நாலாயிரம் வருஷத்துக்கு முன்னால் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். 2019-ல் சென்னையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்காகத் தெருவில் நின்ற எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கோட்டையின் வட வாசல் பக்கம்தான் அகழாய்வில் பத்து எழுத்துப் பெயர்ப்பலகை ஒன்று கிடைத்தது. ஜிப்சம் துண்டுகளை மரப்பலகையில் பதித்து எழுதியது, மரம் மக்கிப்போய் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் முதல்வராக மு.க. ஸ்டாலின் சென்னையில் அறிவித்தாரே, அதே எழுத்துதான்! என் மகள் பத்தையும் நோட்டில் வரைந்துகொண்டு வந்திருக்கிறாள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்குள் ஒரு வீட்டில் சமைத்துப் போடுகிறார்கள். அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் கம்பு ரொட்டி, மேலே வெண்ணெய், பக்கத்தில் வெல்லம், சேவ் போட்ட தக்காளிக் குழம்பு, காரமான பூண்டுச் சட்னி, செம்பு செம்பாக மோர். ஆளுக்கு 150 ரூபாய். நெடுஞ்சாலை ஓட்டலில் இதைவிட அதிகம் கொடுத்து ஆறிப்போன பனீரைச் சாப்பிட்டோம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். ராத்திரி நல்ல குளிர், ஏசி தேவையே இல்லை, அதனால் ஜெனரேட்டர் உள்ள வண்டிக்கு அதிக வாடகை கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னொரு ராத்திரி அங்கேயே தங்குங்கள்.