ஹாஃப் பாயிலும் சன்னி சைட் அப்பும்

"சன்னி சைட் அப், ப்ளீஸ்."

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம், காலை டிபன் நேரம். வெளிநாட்டுக்காரர் கேட்டதும் பரிமாறுகிற தம்பி ஒரு நொடி நின்றார். "ஹாஃப் பாயிலா சார்?" அவரோ அவித்த முட்டை என்று நினைத்து, "நோ, நோ."

தம்பி சட்டென்று பக்கத்து மேசைத் தட்டைக் காட்டினார். ஓரம் முறுகின வெள்ளை, உடையாத மஞ்சள் கரு, மேலே மிளகுத்தூள்.

"யெஸ்!"

இரண்டும் ஒன்றுதான். பெயர்தான் ஊர் தாண்டாது. திருப்பிப் போட்டு கரு மட்டும் இளகலாக வேண்டுமென்றால் அமெரிக்காவில் "ஓவர் ஈஸி".

பார்சலும் அப்படித்தான். அங்கே அது தபாலில் வருகிற பொட்டலம். லண்டனில் "டேக் அவே", அமெரிக்காவில் "டு கோ". மீந்ததைக் கட்டித் தரச் சொல்ல, "குட் (could) ஐ கெட் எ பாக்ஸ் ஃபார் திஸ்?" பில்லுக்கு அமெரிக்காவில் "செக்".

"ஐ வாண்ட்" என்று தொடங்காதீர்கள், அதட்டுகிற மாதிரி இருக்கும். "குட் ஐ ஹேவ்" போதும்.

காரத்துக்கு "ஹாட்" என்றால் சூடு என்றும் எடுத்துக்கொள்வார்கள். "நாட் டூ ஸ்பைசி, ப்ளீஸ்" தெளிவு.

சைவக்காரர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்கணும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை வரலாம். காய்கறி சூப்பிலேயே கோழி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: "இஸ் தேர் எனி மீட், ஃபிஷ், எக் ஆர் சிக்கன் ஸ்டாக் இன் திஸ்?"