லெபிடாப்டிரா வகைப்பாடு: நான் படித்த விதம்

விலங்கியல் முதுகலையில் பூச்சியியல் எடுத்தவர்களை மிரட்டுவது லெபிடாப்டிரா என்ற பூச்சி வரிசை. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாம் சேர்ந்து பெயரிடப்பட்ட சிற்றினங்களே சுமார் 1,60,000. குடும்பங்கள் நூற்றுக்கும் மேல். மேலிருந்து கீழே மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் சீக்கிரமே வெறுத்துப்போகும். எந்த உறுப்பைப் பார்த்து எங்கே பிரிக்கிறார்கள் என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். பெயர்கள் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டன.

முதலில் வாய். மைக்ரோப்டெரிஜிடே அந்துகளுக்கு உறிஞ்சுகுழல் இல்லை; முழு வளர்ச்சிக்குப் பிறகும் தாடையால் மகரந்தத்தை மென்று தின்னும். இது ஜூக்ளோப்டிரா துணைவரிசை. அக்ளோசேட்டா, ஹெட்டரோபாத்மினா இரண்டும் மிகச் சிறிய துணைவரிசைகள், பெயர் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் க்ளோசேட்டா. அதற்குள் பெண்பூச்சிக்கு இணைசேர ஒரு துளை, முட்டையிட இன்னொரு துளை இருந்தால் டிட்ரிசியா. வரிசையில் ஏறக்குறைய 98 சதவீதம் இதில்தான்.

பட்டாம்பூச்சிக்கும் அந்துக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் பலரும் அட்டவணை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அட்டவணை போடுங்கள், ஆனால் கீழே ஒரு பத்தி சேருங்கள். பட்டாம்பூச்சிகள் பாபிலியோனாய்டியா என்ற ஒரே பெருங்குடும்பம், அதில் 7 குடும்பங்கள். அந்து என்பது அப்படி ஒரு தனிக் கிளை அல்ல. பட்டாம்பூச்சிகளைக் கழித்த பிறகு மிஞ்சியதற்கெல்லாம் வைத்த பொதுப்பெயர். ரோபலோசீரா (பட்டாம்பூச்சி), ஹெட்டரோசீரா (அந்து) என்ற பழைய பிரிவு இன்று செல்லாததற்குக் காரணம் இதுதான்.

செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டருக்கு (அடையாளம் காண வைக்கும் மாதிரிக்கு) முன்னால் நிற்கும்போது நிறத்தை நம்பாதீர்கள்; பழைய மாதிரிகளில் செதில் உதிர்ந்து எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும். கைலென்ஸை எடுத்து, பின்னிறகு தொடங்கும் இடத்தில் முன்விளிம்பைப் பாருங்கள். ஸ்ஃபின்ஜிட் குடும்ப அந்தில் ஆணுக்கு அங்கே ஒற்றைத் தடித்த முள் நீட்டிக்கொண்டிருக்கும், முன்னிறகின் அடிப்பக்கக் கொக்கியில் மாட்டுவதற்காக. அதுதான் ஃப்ரெனுலம். பெண்ணுக்கு மெல்லிய முட்கள் சில. ஃப்ரெனுலம் இல்லை என்றவுடன் பட்டாம்பூச்சி என்று எழுதிவிட வேண்டாம். அட்லஸ் அந்து உட்பட சாட்டர்னிடே குடும்பத்துக்கே அது கிடையாது. உணர்கொம்பு சீப்பு போலிருந்தால் அந்துதான். எதிர்ப்பக்கமும் ஒரு விதிவிலக்கு உண்டு: ஆஸ்திரேலியாவின் யூஷெமோன் என்ற ஸ்கிப்பர் வகைப் பட்டாம்பூச்சியின் ஆணுக்கு ஃப்ரெனுலம் இருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கப் பிடித்த கேள்வி!

நிம்ஃபாலிடே என்ற பட்டாம்பூச்சிக் குடும்பத்துக்குக் காலை எண்ணினால் போதும். முன்னங்கால்கள் குறுகிப்போய், நான்கு கால்களில்தான் நிற்கும். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் இந்தக் குடும்பம்தான்.

உண்மையான தலைவலி பெயர் மாற்றங்களில் இருக்கிறது. நூலகத்துப் புத்தகத்தில் டானெய்டே, சாட்டிரிடே தனிக் குடும்பங்கள்; இப்போது இரண்டும் நிம்ஃபாலிடேவுக்குள் துணைக்குடும்பங்கள். நிலக்கடலை சிவப்புக் கம்பளிப்புழு ஆர்க்டிடேவிலும் ஆமணக்குக் காவடிப்புழு நாக்டுயிடேவிலும் இருந்தன. இரண்டுமே இன்று எரிபிடே. நெல் குருத்துப்பூச்சி பைராலிடேவிலிருந்து க்ராம்பிடேவுக்குப் போனது. மக்காச்சோளப் படைப்புழு மட்டும் நாக்டுயிடேவிலேயே இருக்கிறது, நல்லவேளை. விரிவான விடையில் புதிய பெயரை எழுதி, ‘முன்பு இன்ன குடும்பம்’ என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். திருத்துபவர் எந்தப் புத்தகம் படித்தவராக இருந்தாலும் மதிப்பெண் போகாது. கொள்குறி வினா என்றால் தெரிவுகளைப் பாருங்கள்: எரிபிடே அங்கே இல்லை என்றால் வினா பழைய புத்தகத்திலிருந்து வந்தது, பழைய விடையைக் குறியுங்கள்.

அப்புறம் ஹெடிலிடே. அமெரிக்க வெப்பமண்டலத்தில் மட்டும் வாழும் ஏழாவது பட்டாம்பூச்சிக் குடும்பம், இந்தியாவில் இல்லை. பெரும்பாலும் இரவில் பறக்கும், உணர்கொம்பில் குமிழ் இருக்காது. வேறுபாட்டு அட்டவணைக்குக் கீழே அந்தப் பத்தி எழுதுகிறீர்கள் அல்லவா, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.